“ஆயிடும் சார்” என்ற மேஸ்திரியை எல்லார் முன்னிலும் திட்டிவிட்டேன். இனி எப்படி அவர் முகத்தில் விழிப்பது?

கேள்வி: சரிவுப் பொறியாளர், குன்னூர்

கட்டடப் பொறியாளராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்; அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகள் திட்ட மேலாளராக. சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். சென்ற ஆண்டிலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு மாணவர் விடுதி கட்டும் பணியைக் கவனித்துவருகிறேன். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் விடுதியை மேலே உயர்த்தாமல் சரிவில் படிப்படியாக இறக்கியிருக்கிறோம். ஆகவே விடுதியைவிட அதன் பின்னால் நிற்க வேண்டிய தடுப்புச் சுவர்தான் எங்களுக்குப் பெரிய வேலை. நீளம் 40 மீட்டர், உயரம் 4 மீட்டர். பொக்லைன் இறக்க இங்கே தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நாங்கள் விண்ணப்பித்ததே தாமதம் என்பதால் ஆட்களை வைத்தே மண் எடுத்தோம், அதில் ஐந்து வாரம் போனது. இந்தப் பக்கம் மலையை உலுக்குவது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அக்டோபருக்குள் சுவர் முடிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை தோறும் காலை எட்டரைக்குத் தகரக் கொட்டகையில் கூடுவோம். ஈரத்தில் ஓரம் சுருண்டுபோன கால அட்டவணைத் தாள் சுவரில் தொங்கும், நான் ஒவ்வொரு பட்டையாகத் தொட்டு “முடிஞ்சிடுமா?” என்று கேட்பேன், மேஸ்திரி “ஆயிடும் சார்” என்பார், நான் பச்சைப் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். அவருக்கு வயது 58. சிறுவனாக இருந்தபோது இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். இந்த மண் எந்த மாதத்தில் எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

செப்டம்பர் மூன்றாம் வாரம், உரிமையாளர் தரப்பிலிருந்து ஒருவர் பார்வையிட வந்த அன்று, நானே சுவரின் பின்பக்கம் இறங்கிப் பார்த்தேன். கடைசி 12 மீட்டரில் நீர் வடியும் குழாய்கள் வைக்கப்பட்டிருந்தன. சிமெண்ட் புகாமல் இருக்க அவற்றின் வாயில் அடைத்த சாக்குத் துணிகூட அப்படியே இருந்தது. ஆனால் குழாய்களுக்குப் பின்னால் நிரப்ப வேண்டிய சல்லி ஒரு கூடைகூட இல்லை. சல்லி இல்லாமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் குழாய் அடைத்துக்கொள்ளும். 4 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 8 டன் விசையோடு தள்ளும். பயமும் கோபமும் சேர்ந்துகொள்ள, வந்தவர் முன்னிலையிலும் மேஸ்திரியின் ஆட்கள் முன்னிலையிலும், அவர்களில் ஒருவராக நின்ற அவருடைய மருமகன் முன்னிலையிலும், “வயசுதான் ஆச்சு, பொய் சொல்லாம வேலை பார்க்கத் தெரியலையே” என்று கத்திவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. டிரம்மில் கரண்டியைக் கழுவி, லுங்கியின் ஓரத்தில் துடைத்து, தூக்குக்குண்டையும் மட்டப்பலகையையும் யூரியாச் சாக்கில் போட்டுக்கொண்டு, பேருந்து நிற்கும் மேட்டுக்கு ஏறிப் போனார். மறுநாள் 17 பேரில் 11 பேர் வரவில்லை.

பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. முன்பு இறக்கிய நடைகளுக்கு எங்கள் நிறுவனம் பணம் கொடுக்காததால் லாரிக்காரர் சல்லி ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறார். மேஸ்திரி அதை மேற்பார்வையாளரிடம் மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து என்னிடம் சொல்லவில்லை.

நான் திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ் வாங்கியவன். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் 42 விழுக்காடு மனிதர்களை வழிநடத்துவது பற்றியது. அந்தப் பகுதியில்தான் எனக்கு நல்ல மதிப்பெண் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் மனைவியும் “வீட்டிலயும் திங்கட்கிழமை கூட்டக் குரல்லதான் பேசுறீங்க” என்று அண்மையில் சொன்னார். மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாமா, அல்லது மேட்டுப்பாளையத்திலிருந்து வேறொரு குழுவை இறக்கி வேலையை முடித்துவிட்டு அப்புறம் பார்ப்பதா என்று புரியவில்லை. இந்த வேலைக்கே நான் பொருத்தமானவன்தானா என்றும் இரவில் தோன்றுகிறது.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், மஞ்சூர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தூக்கம் கெட்ட மனிதன் தன்னைப் பற்றி எழுதும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

மலையில் இருக்கும் நீர்மின் நிலையங்களில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். இருபத்தாறு வயதில் நானும் இதே தவற்றைச் செய்தேன். என்னைவிட இருபது வயது மூத்த ஃபிட்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். எந்திரம் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தாங்கியின் (பேரிங்) மேல் ஊன்றி, பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடிக் கேட்பார். அளவைக் கருவி காட்டுவதற்கு முன்பே “இதுக்கு உடம்பு சரியில்ல” என்று சொல்லிவிடுவார். ஆண்டுப் பராமரிப்பு ஒரு நாள் தள்ளிப்போனதற்காக மேலதிகாரி முன்னால் அவரைக் கடிந்துகொண்டேன். மறுநாள் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்லீங்க” என்றார். அதற்கப்புறம் மூன்று ஆண்டுகள், நான் வேறிடத்துக்கு மாற்றலாகும் வரை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தாங்கியைப் பற்றிக் கேட்டால் தாங்கியைப் பற்றிச் சொல்வார். அதற்குப் பக்கத்தில் எண்ணெய் கசிந்தால் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். எனக்கு எந்த அவமரியாதையும் அவர் செய்யவில்லை, ஆனால் அந்தக் காதை நான் இழந்துவிட்டேன். நான் செய்த பிழை எதுவென்று பிற்பாடு விளங்கியது: எல்லார் முன்னிலும் எடுத்ததை அறைக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே தொலைபேசி வேண்டாம். அவர் வீட்டுக்குப் போங்கள். சனிக்கிழமைக் கூலிப் பணத்தை அன்று கையில் கொண்டுபோகாதீர்கள். பணத்துக்காக வந்ததாகவோ பணத்தைக் காட்டி அழைப்பதாகவோ ஆகிவிடும். லாரி, பில், மேற்பார்வையாளர் என்று காரணங்களை அடுக்காமல் வருத்தத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் வேலைக்குத் திரும்பினால், அதே மருமகனும் அதே ஆட்களும் நிற்கும்போது அதையே மறுபடி ஒரு முறை சொல்லுங்கள்.

இன்னொன்று, மொழியைப் பற்றியது. “ஆயிடும்” என்ற சொல்லில் செய்கிறவன் யாரும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சோறு வெந்துவிடும், பொழுது விடிந்துவிடும் என்பது போலச் சுவரும் தானாக ஆகிவிடும் என்கிற சொல் அது. “முடிச்சிடறேன் சார்” என்று ஒருவர் சொன்னால் அவர் பொறுப்பேற்கிறார். “முடிச்சிடலாம் சார்” என்றால் உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார், உங்களிடமிருந்து ஏதோ வர வேண்டியிருக்கிறது. “பார்த்துக்கலாம் சார்” என்றால் நடக்காது என்று பொருள். “ஆயிடும் சார்” என்பது இவற்றுள் எதிலும் சேராது. கேட்டவரைப் புண்படுத்தாமல் அந்தப் பேச்சை முடித்துவைக்கும் மரியாதைச் சொல். நீங்கள் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு பச்சைக் கோடு இழுத்திருக்கிறீர்கள். அவர் பொய் சொன்னார் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியை அதிகாரி ஒருவர் பத்துப் பேர் நடுவில் கேட்டால், எங்கள் தலைமுறை மனிதர் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்.

அட்டவணையைக் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1957 வாக்கில் உருவான முக்கியப் பாதை முறையைத்தான் நாங்களும் ஆண்டுப் பராமரிப்புக்கு வரைந்து ஒட்டுவோம்; அது இல்லாமல் எந்த வேலைக்காக எந்த வேலை காத்திருக்கிறது என்றே தெரியாது. ஆனால் சமவெளியிலிருந்து புதிதாக வரும் அதிகாரிகள் அதில் டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி முதலுக்கும் நெருக்கமாக வேலைகளைப் போட்டுவிடுவார்கள். அது ஹெத்தை அம்மன் பண்டிகைக் காலம், படுகர் வீடுகளிலிருந்து ஆள் வராது. அந்த நாட்களில் விடுப்புக் கேட்டவனைச் சோம்பேறி என்று எழுதிய குறிப்புகளை நானே பார்த்திருக்கிறேன். நான் அந்தக் கிராமங்களில் ஒன்றில் பிறந்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரும், சில சமயம் வராது.

மறுமொழி 2: சாலை ஒப்பந்ததாரர், கூடலூர்

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றால் அடுத்த மாதம் கூலியை உயர்த்தச் சொல்லித்தான் வருவார்கள். வேறு ஆளை இறக்குங்கள். மழை யாருக்காகவும் காத்திருக்காது.

மறுமொழி 3: கோத்தகிரியிலிருந்து வேலை பார்ப்பவர்

நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் இல்லை; சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் திட்ட மேலாளராகக் கோத்தகிரி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். சிமெண்டைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் கூடலூர் நண்பர் சொல்லும் வழியை நான் நடந்தே பார்த்திருக்கிறேன்.

தாமதமான மென்பொருள் திட்டத்தில் கூடுதல் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதினார். காரணம் எளிய கணக்கு: ஆறு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 15, பதினேழு பேர் என்றால் 136. மண் அள்ளுவது நிரல் எழுதுவது போன்றதல்ல, கூடுதல் ஆள் வந்தால் கூடுதல் மண் அள்ளப்படும் என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். ஆனால் உங்களிடம் பாக்கி இருப்பது மண் அள்ளும் வேலை இல்லையே. எந்தக் குழாயின் பின்னால் என்ன நிரப்பப்பட்டது, எந்த இடத்தில் ஊற்று கசிகிறது என்பதெல்லாம் இப்போது ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. புதுக் குழுவுக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அந்த மேற்பார்வையாளரா?

மஞ்சூர் ஐயாவோடும் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். காரணங்களை அடுக்க வேண்டாம் என்கிறார். மன்னிப்புக் கேட்கும்போது சரி, அதற்குப் பிறகு சரியில்லை. லாரிக்காரருக்குப் பணம் போகாத வரை உங்கள் வருத்தத்தால் ஒரு கூடைச் சல்லியும் வராது. திட்ட மேலாளர்கள் நாம் ஆட்களிடம் பேசும் முறையைத் திருத்திக்கொள்வதில் காட்டும் ஆர்வத்தை நமக்கு மேலே இருப்பவர்களிடம் பேச வேண்டியதைப் பேசுவதில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். நீங்கள் மேஸ்திரியிடம் கத்திய அதே நாளில் உங்கள் கணக்குப் பிரிவில் யாரிடமாவது குரலை உயர்த்தினீர்களா? குற்றம் சொல்லவில்லை, நானும் உயர்த்தியதில்லை. கோபம் தண்ணீரைப் போல, எங்கே தாழ்வோ அங்கே ஓடுகிறது.

எங்கள் குழுவில் வாராந்தர அறிக்கைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள் உண்டு. கடைசி வாரம் வரை எல்லாம் பச்சையாக இருந்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்கும் வேலைக்குத் தர்பூசணி என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காற்றில் மரம் விழுந்து எங்கள் தெருவில் மின்சாரம் போயிருந்த நேரத்தில், குழுவில் சேர்ந்து நான்கே மாதமான பெண் கைபேசியில் அழைத்துத் தான் எழுதிய பகுதியால் வாடிக்கையாளரின் பழைய விலைப்பட்டியல் அழிந்துவிட்டது என்றாள். எனக்குக் கை நடுங்கியது. இருட்டில் அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது இருவருக்குமே நல்லதாயிற்று. “எப்போ கவனிச்சே?” என்று மட்டும் கேட்டேன். “பத்து நிமிஷம் ஆச்சுக்கா” என்றாள். பத்து நிமிடத்தில் சொன்னதால் இரவுக்குள் மீட்க முடிந்தது. திங்கட்கிழமை எல்லார் முன்னிலும் நான் சொன்னது அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான். தவற்றைப் பற்றி அவளே பேசினாள். அதற்கடுத்த இரண்டு வாரங்களில் மற்றவர்களிடமிருந்து அதுவரை பச்சையாக இருந்த மூன்று வேலைகள் மஞ்சளாக மாறி வந்தன. அதிலிருந்து “முடிந்துவிடுமா?” என்ற கேள்வியையே விட்டுவிட்டேன், “இதற்குக் குறுக்கே எது நிற்கிறது?” என்று கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்த வேலையை அவர் இன்னும் தொடங்கவில்லை என்று பெரும்பாலும் பொருள்.

மறுமொழி 4: கொத்தனார் மகள்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அப்பா குன்னூரில் கொத்தனாராக இருந்தவர். நான் இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன்.

மேலே எல்லோரும் மரியாதை, பயம், மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். கூலியைப் பற்றி யாரும் எழுதவில்லை. கூடலூர்க்காரர் தொட்டார், ஆனால் தலைகீழாகத் தொட்டார். “சல்லி இல்லை” என்று மேஸ்திரி கூட்டத்தில் சொன்னால் உங்கள் அட்டவணையில் ஒரு பட்டை நீளும். அவருடைய ஆட்களுக்கு அதன் பொருள் “நாளைக்கு வரவேண்டாம்” என்பதுதான். வேலை நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. அப்பா எத்தனையோ முறை பொருள் வராத நாட்களில் சாரத்தை அவிழ்த்துக் கட்டுவது, கல்லைக் கழுவுவது, பலகையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டுவது என்று ஏதோ ஒரு வேலையைக் காட்டித் தன்னோடு வந்த சித்தாள்களின் நாளைக் காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்கு யாராவது வந்து கேட்டிருந்தால் அவரும் “ஆயிடும் சார்” என்றுதான் சொல்லியிருப்பார். உங்கள் மேஸ்திரி மூன்று வாரம் காப்பாற்றியது தன் பெயரை மட்டுமல்ல, பதினேழு அடுப்புகளை.

பொருள் இல்லாமல் வேலை நின்றால் அன்றைய கூலியில் பாதியாவது உண்டு என்று நீங்கள் அறிவித்துப் பாருங்கள். அதற்கான அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லாவிட்டால் அதையும் அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதைவிட அது அதிகம்.

மறுமொழி 5: சரிவுப் பொறியாளர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்தின் ஓரம், கடைசியில் எழுபது எண்பது படிகள் இறங்க வேண்டும். அவர் வாசலில் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரச் சொன்னார், அவர் மனைவி வரத்தேநீர் கொண்டுவந்தார். வழி நெடுகத் தயாரித்துக்கொண்டு போன வாக்கியம் வாயில் வரவில்லை. “அன்னிக்கு நான் பேசினது தப்புங்க அண்ணே” என்று மட்டும் சொன்னேன். சென்ற ஆண்டிலிருந்து அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டுவந்தவன், அண்ணே என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே “மருமவன் முன்னால சொல்லியிருக்க வேணாம் சார்” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

புதன்கிழமை வந்தார். கொட்டகையில் எல்லார் முன்னிலும் நான் மறுபடி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், பெருமையாக இருந்ததா சங்கடமாக இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருமகன் வரவில்லை, மேட்டுப்பாளையத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். அவரையும் சேர்த்து நான்கு பேர் இன்னும் திரும்பவில்லை. மேற்பார்வையாளரிடம் நான் தனியாகப் பேசிய பேச்சு நினைத்ததைவிட நீண்டது, ஏனென்றால் பெரும்பாலும் அவர்தான் பேசினார்.

கோத்தகிரிச் சகோதரியின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தேன். லாரிக்காரரின் பாக்கியில் பாதியை அனுப்பியிருக்கிறார்கள். வேலை நின்ற நாளுக்குப் பாதிக் கூலி என்ற யோசனையை எழுத்தில் கேட்டேன். “முன்னுதாரணம் ஆகிவிடும்” என்று பதில் வந்தது. கொத்தனார் மகள் சொன்னபடி அதை அப்படியே ஆட்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். என் கைச்செலவுப் பணத்திலிருந்து இரண்டு நாட்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். எத்தனை முறை அப்படிச் செய்ய முடியும் என்று தெரியவில்லை.

அக்டோபருக்குள் 12 மீட்டரும் முடியாது. மேஸ்திரியும் நானும் சேர்ந்து பார்த்ததில், சல்லி வந்த அளவுக்கு 7 மீட்டரை முடிப்பது, மீதி 5 மீட்டருக்கு மேலே சரிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பி, வெட்டுமுகத்தைத் தார்ப்பாயால் மூடி, ஜனவரியில் மறுபடி தொடங்குவது என்று முடிவாயிற்று. வாய்க்காலின் போக்கை அவர்தான் கம்பி ஒன்றால் மண்ணில் கீறிக் காட்டினார். நான் வரைந்து வைத்திருந்ததைவிட இரண்டு மீட்டர் மேலே போனது. உரிமையாளர் தரப்பு இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். எங்கள் பணியிடத்துக்கு முந்திய வளைவில் பெரிய லாரி திரும்பாது. காரமடைப் பக்கத்திலிருந்து 40 மி.மீ. சல்லியைச் சிறிய டிப்பரில் ஏற்றி வரக்கூடியவர்களை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நடைக்கு நடை ரொக்கம் கொடுத்துவிடுகிறேன்.